பலகை இருக்கிறது, வகுப்பு எங்கே? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

வகுப்பு தூங்கி வழிந்தால் முதலில் பிள்ளைகள் மேல்தான் கோபம் வரும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் வந்தது. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு கடைசி இருக்கையில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். எதற்கோ நிமிர்ந்து பலகையைப் பார்த்தால், அரை மணி நேரத்துக்கு முன் நானே எழுதிய கணக்கில் பாதி எனக்குப் படிக்க வரவில்லை. பலகையின் நடுவில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பெரிய வெள்ளைத் திட்டாக உட்கார்ந்திருந்தது. அந்த இருக்கைப் பையனை 'உனக்குக் கவனமே இல்லை' என்று அன்று காலையில்தான் திட்டியிருந்தேன்.

அதிலிருந்து தேடுவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். கோளாறு என்றால் முதலில் பலகையைச் சந்தேகப்படுவேன். அப்புறம் நான் கேட்ட கேள்வியை. அப்புறம் என் பழக்கத்தை. பிள்ளைகளிடம் போவது கடைசியில். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதில்லை.

இதை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வகுப்பில் எது கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். சுவரில் மாட்டிய பெரிய வெள்ளைப் பலகையை வெறுமனே 'பலகை' என்றும், பிள்ளைகள் மடியில் வைத்து எழுதும் சிறியதைக் 'கைப்பலகை' என்றும் சொல்கிறேன்.

பின்வரிசை கண்ணைச் சுருக்குகிறது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறது

சோதனை ஒன்றுதான்: கடைசி இருக்கையில் போய் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் கணக்கில்லை. உட்கார வேண்டும், முன்னால் நான்கைந்து தலைகளும் இருக்க வேண்டும். முன்வரிசையின் இரண்டு ஓரங்களையும் விடாதீர்கள். அங்கிருந்து பலகை சாய்வாகத்தான் தெரியும். வெளிச்சம் பளீரென்று அடிப்பதும் பல நேரம் அங்கேதான்.

எழுத்து சிறியதாக இருந்தால் ஒரு நடைமுறைக் கணக்கு உதவும்: ஒவ்வொரு 3 மீட்டர் தூரத்துக்கும் சுமார் 2.5 செ.மீ. உயரம். கடைசி இருக்கை 9 மீட்டரில் இருந்தால் எழுத்து 7.5 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு தடவை அளவுகோல் வைத்து அந்த அளவில் எழுதிப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்க்கப் பூதாகாரமாக இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் அளவாக இருக்கும்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டுங்கள். ண, ன இரண்டிலும் சுழிகள் ஒட்டிக்கொண்டால் தூரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். புள்ளி அதைவிட மோசம். மெய்யெழுத்தின் புள்ளியும் தசமப் புள்ளியும்தான் முதலில் காணாமல் போகும். 0.25 என்று நீங்கள் எழுதியது நோட்டில் 025 என்று இருந்தால் நோட்டைத் திருத்துவதற்கு முன் பின்னால் போய் அந்தப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். புள்ளியைத் தொட்டுவிட்டு எடுக்காமல், முனையை ஒரு சுழற்று சுழற்றி வைத்தால் தெரியும்.

நிறத்தில் கறுப்பும் கருநீலமும் போதும். ஆரஞ்சும் வெளிர்பச்சையும் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. சிவப்பு அடிக்கோட்டுக்கு மட்டும். 'பச்சை சரி, சிவப்பு தவறு' என்று நிறத்தை மட்டும் நம்பிக் குறி போடாதீர்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம், அது அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். வட்டம், அடிக்கோடு, குறுக்குக்கோடு என்று வடிவத்தால் வேறுபடுத்தினால் எல்லோருக்கும் விளங்கும்.

பலகையின் கீழ்க் கால்பகுதியை எழுத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம், அது தலைகளுக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சத் திட்டு விழுந்தால் பலகைக்கு நேர் மேலே உள்ள விளக்கை அணைத்துப் பாருங்கள், திரையை இழுத்துப் பாருங்கள். இரண்டும் முடியாதென்றால் அந்தத் திட்டு விழும் இடத்தை அந்த மணி நேரத்துக்குக் காலியாக விட்டுவிட வேண்டியதுதான்.

அப்புறம் அந்த மார்க்கர். கோடு சாம்பலாக வருகிறது என்று தெரிந்ததும் மூடியைப் போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறோம். அடுத்த வகுப்பு ஆசிரியரும் அதையே எடுத்து, ஒரு கோடு போட்டு, மூடி, அங்கேயே வைக்கிறார். இப்படி ஒரே மார்க்கர் ஒரு பருவம் முழுக்க உயிர் வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். குப்பைக் கூடை இருப்பது இதற்காகத்தான்.

நான் திரும்பி எழுதினால் முதுகுக்குப் பின்னால் கச்சேரி

நீங்கள் எழுதும் அந்த ஒன்றரை நிமிடமும் 40 பேருக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத வாய் பேசத்தான் செய்யும். 'அமைதி!' என்று திரும்பித் திரும்பிச் சொன்னால் ஒன்றரை நிமிட வேலை மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

நீளமானது எதுவானாலும், படம், அட்டவணை, ஒரு பத்தி எதுவாக இருந்தாலும், வகுப்புக்கு முன்பே எழுதி ஒரு பெரிய தாளை ஒட்டி மறைத்து வைக்கலாம். மறைத்திருப்பது என்ன என்ற ஆர்வம் இலவசமாகக் கிடைக்கும். வகுப்பிலேயே எழுத வேண்டியதை வரி வரியாக உடையுங்கள். ஒரு வரி எழுதியதும் நிறுத்தி, 'அடுத்த வரியில் என்ன வரும்? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்' என்று விட்டுவிட்டு, அவர்கள் சொல்லிக்கொள்ளும்போது அடுத்ததை எழுதுங்கள். சத்தம் அப்போதும் இருக்கும், ஆனால் பாடத்தைப் பற்றியதாக இருக்கும்.

எனக்கு அதிகம் பலன் தந்தது வேறொன்று. மார்க்கரை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நான் வகுப்பின் பின்னால் போய் நின்றுகொள்வேன். வகுப்பு சொல்லும், அந்தப் பிள்ளை எழுதும். முதல் வாரம் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சமன்குறிகள் மலை ஏறும். பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்றால் யார் உதடு அசைகிறது, யார் மேசைக்கு அடியில் வேறு ஏதோ பார்க்கிறார்கள் என்று எல்லாம் தெரியும். பலகைக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாத வகுப்பு அது.

எழுதியதெல்லாம் நோட்டில் ஏறுகிறது, கேட்டால் விழிக்கிறார்கள்

இது பார்ப்பதற்கு நல்ல வகுப்பு மாதிரியே இருக்கும். அமைதி, குனிந்த தலைகள், ஓடும் பேனாக்கள். கேள்வி கேட்டால்தான் வண்டவாளம் தெரியும். கை பிரதி எடுக்கிறது, தலை ஓய்வெடுக்கிறது.

பார்க்கும் நேரத்தையும் எழுதும் நேரத்தையும் பிரியுங்கள். நீங்கள் விளக்கும்போது பேனா மேசையில் இருக்கட்டும். முடித்ததும் 'இப்போது எழுதுங்கள்' என்று நேரம் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். எழுதும்போது முழுவதும் எழுதாமல் ஓட்டை விடுங்கள்: ஒரு படியைக் காலியாக விட்டுப் பெட்டி போடுங்கள், ஒரு சொல்லுக்குக் கோடு போடுங்கள். பார்த்து எழுத ஒன்றும் இல்லாத இடத்தில்தான் யோசனை தொடங்கும்.

வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பதும் நல்ல தந்திரம், ஆனால் அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்: 'இன்றைக்குப் பலகையில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது, மணி அடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.' நான் ஒரு தடவை தவறை வைத்துவிட்டு, பாடம் இழுத்துக்கொண்டு போனதில் வெளிப்படுத்தவே மறந்துவிட்டேன். மறுநாள் 12 நோட்டுகளில் அதே தவறு, அழகான கையெழுத்தில்.

எப்போது கேட்டாலும் அதே நான்கு கைதான் எழும்புகிறது

கை தூக்குவது விருப்பப் பாடம் மாதிரி. எடுக்க விரும்பியவர்கள் எடுப்பார்கள். மற்ற 36 பேர் புரிந்து உட்கார்ந்திருக்கிறார்களா, புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று உங்களுக்குத் தெரியாது. நான்கு சரியான பதிலை வைத்து வகுப்பே தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடுவோம்.

இதற்குத்தான் கைப்பலகை. பலகையாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏ4 அளவு தடித்த வெள்ளை அட்டையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் மார்க்கரால் எழுதி அழிக்கலாம். உள்ளே கட்டத்தாளையோ எண்கோட்டையோ வைத்தால் அதற்கு மேலேயே எழுதலாம். விலை கொடுத்து வாங்கிய பலகையில் இந்த வசதி இல்லை.

ஆனால் கையில் கொடுத்துவிட்டால் தானாக நடந்துவிடாது. நடத்தும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நான் செய்வது இப்படி. கேள்வியைச் சொல்வேன், யாரும் மார்க்கரைத் தொடக் கூடாது. கொஞ்சம் நேரம் கழித்து 'எழுது' என்பேன். எழுதி முடித்தவர் பலகையைக் கவிழ்த்து மேசையில் வைக்க வேண்டும். கவிழ்ந்த பலகைகளை எண்ணிப் பார்த்தால் இன்னும் யார் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எல்லாம் கவிழ்ந்ததும் 'மூன்று, இரண்டு, ஒன்று, காட்டு'. முகவாய்க்குக் கீழே, இரண்டு கையாலும் பிடித்தபடி. நான் பார்த்து முடித்து 'இறக்கு' என்று சொல்லும்வரை யாரும் இறக்கவோ அழிக்கவோ கூடாது.

முதலில் விடும் அந்த 'கொஞ்சம் நேரம்' எவ்வளவு? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசிப் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள். 3 விநாடி என்பது கேட்க ஒன்றுமில்லை. வகுப்பின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். மனதுக்குள் எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

கைப்பலகை கொடுத்தும் சரிப்படவில்லை என்றால்

பக்கத்தில் எட்டிப் பார்க்கிறார்கள், அல்லது காட்டியதும் அவசரமாக அழித்து மாற்றுகிறார்கள்: கவிழ்த்து வைக்கும் பழக்கம் படியவில்லை, அல்லது தவறாகக் காட்டினால் ஏதோ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவதை ஒரு வாரம் கண்டிப்பாக நின்றால் சரிசெய்யலாம். இரண்டாவது என் முகத்தில் இருந்தது. தவறான பலகையைப் பார்த்ததும் என் புருவம் ஏறும் என்று ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: பார்க்கும்போது பேச்சும் கிடையாது, முகக்குறியும் கிடையாது.

வெற்றுப் பலகைகள்: ஓரிரண்டு என்றால் அந்தப் பிள்ளைகளிடம் பிறகு போய்ப் பேசலாம். பத்து என்றால் கேள்வி பெரியது. உடைத்துக் கேளுங்கள்: முழு விடை வேண்டாம், முதல் படி மட்டும். தெரியாதவர் வினாக்குறி போடலாம் என்று அனுமதி கொடுங்கள். ஆனால் வினாக்குறிக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஒரு சொல்லாவது எழுத வேண்டும். இல்லாவிட்டால் வினாக்குறி சோம்பேறிகளின் சொர்க்கம் ஆகிவிடும்.

பொம்மை வரைகிறார்கள்: வரையட்டும், 30 விநாடி. பலகை கைக்கு வந்த முதல் நாளே 'எது வேண்டுமானாலும் வரையுங்கள், காட்டுங்கள், அழியுங்கள்' என்று விட்டுவிட்டால் பாதி ஆசை தீரும். மீதிப் பாதி, கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே நீங்கள் விடும் இடைவெளியில் முளைப்பது. மூலையில் ஒரு சின்னப் பூவோ பூனையோ இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

எழுத்து பொடிப்பொடியாக, அல்லது விளிம்பு தெரியாத அளவுக்கு நெருக்கமாக: 'உள்ளங்கை அளவு எழுத்து' என்று அளவைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லுங்கள். இடது கைக்காரப் பிள்ளையின் பலகை எப்போதும் மசமசவென்று இருந்தால் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதிக்கொண்டே போகும் கை எழுதியதைத் துடைத்துக்கொண்டே வருகிறது. பலகையைக் கொஞ்சம் சாய்த்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதச் சொன்னால் சரியாகும்.

நாற்பதும் உயர்ந்தன, எனக்கு எதுவும் புரியவில்லை: இதுதான் பெரிய கோளாறு, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பார்வையில் 40 பத்தியைப் படிக்க யாராலும் முடியாது. கைப்பலகைக்கான கேள்வியின் பதில் ஒரு எண்ணாக, ஒரு சொல்லாக, ஒரு படமாக, ஒரு வரிசையாக இருக்க வேண்டும். அதோடு, தவறான பதிலைப் பார்த்ததும் அது எந்தத் தவறு என்று சொல்லிவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்ப்போம். தசம எண்கள் நடத்தியபோது '0.4, 0.35, 0.125 இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுது' என்று கேட்டேன். சரியான விடை 0.125, 0.35, 0.4. சில பிள்ளைகள் 0.4, 0.35, 0.125 என்று எழுதினார்கள். புள்ளியை மறந்துவிட்டு 4, 35, 125 என்று பார்த்திருக்கிறார்கள், நீளமானது பெரியது என்ற நினைப்பு. அவர்களை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக மேலே போனேன். தேர்வில் வேறு ஒரு கூட்டம் மாட்டியது. அவர்கள் நினைப்பு தலைகீழ்: புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியது. அந்த நினைப்போடு என் கேள்விக்குப் பதில் எழுதினால் 0.125, 0.35, 0.4 என்றே வரும். சரியான விடை, தவறான காரணம். பலகையில் அவர்கள் மற்றவர்களோடு கலந்து மறைந்துவிட்டார்கள்.

இப்போது எண்களை மாற்றிவிட்டேன்: 0.3, 0.25, 0.412. சரியாகப் புரிந்தவர் 0.25, 0.3, 0.412 என்று எழுதுவார். நீளமே பெரியது என்பவர் 0.3, 0.25, 0.412. நீளமே சிறியது என்பவர் 0.412, 0.25, 0.3. மூன்று நினைப்புக்கும் மூன்று வெவ்வேறு விடை. முதல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே கண்ணை ஓட்டினால் போதும்: 0.25-இல் தொடங்கினால் தேறியவர், 0.3 என்றால் ஒரு கூட்டம், 0.412 என்றால் இன்னொன்று. ஐந்து விநாடியில் வகுப்பைப் படித்துவிடலாம். நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிக்க முந்தின நாள் இரவு கால் மணி நேரம் போகும். பலகை அடுக்கி வைப்பதைவிட அந்தக் கால் மணி நேரம்தான் பலன் தருகிறது.

பார்த்தேன், அப்புறம்? 'சரி, நல்லது, அழிச்சிடுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது நான் வருடக்கணக்கில் செய்த தப்பு. பிள்ளைகள் அதை மூன்றே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் எழுதுவதில் உயிர் இருக்காது. அநேகமாக எல்லோரும் சரி என்றால் மேலே போங்கள். பாதிப் பாதி என்றால் அதுதான் அதிர்ஷ்டம்: இரண்டு விதமான விடையையும் பெயர் சொல்லாமல் பெரிய பலகையில் எழுதி, 'இதில் எது, ஏன்? பக்கத்தில் இருப்பவரைச் சம்மதிக்க வை' என்று இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முக்கால்வாசி தவறு என்றால் திரும்பச் சத்தமாக அதையே சொல்லிப் பயனில்லை, வேறு வழியில் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: கைப்பலகையில் நடந்ததெல்லாம் துடைத்ததும் போய்விடும். வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தால் அன்றைய பாடமே இருக்காது. நாலைந்து கேள்விக்கு ஒன்றையாவது நோட்டில் முழுமையாக எழுத வையுங்கள்.

பலகை கொடுத்து வாங்கவே பத்து நிமிடம் போகிறது

வரிசைக்கு ஒரு கட்டு: பலகை, மார்க்கர், பழைய துணித்துண்டு எல்லாம் ஒன்றாக. ஓரத்தில் இருப்பவர் எடுத்து ஒன்றைத் தானெடுத்துக்கொண்டு மீதியைத் தள்ள வேண்டும். மூடியில் எண் போட்டுவிட்டால் தொலைந்த மூடிகள் குறையும். பழைய காலுறை அருமையான டஸ்டர். மார்க்கரையும் அதற்குள்ளேயே போட்டுவிடலாம்.

'பலகைக்கு வா' என்றால் தரையைப் பார்க்கிறார்கள்

கூப்பிடும் விதத்தில்தான் பயம் இருக்கிறது. 40 ஜோடிக் கண்கள் முதுகில் குத்த, தெரியுமோ தெரியாதோ என்ற ஒரு கணக்கை, தனியாக. பெரியவர்களே தயங்குவார்கள்.

எல்லோரும் முதலில் கைப்பலகையிலோ நோட்டிலோ எழுதட்டும். நீங்கள் நடந்துகொண்டே பார்த்து, சரியாகவோ சுவாரசியமாகவோ எழுதியிருப்பவரின் தோளருகே குனிந்து, 'இதைப் பலகையில் எழுதுகிறாயா?' என்று மெதுவாகக் கேளுங்கள். இப்போது அவர் அங்கே போய் யோசிக்க வேண்டியதில்லை, எடுத்து எழுதினால் போதும். பேசாத பிள்ளைகள் இப்படித்தான் முதல் தடவை எழுந்து வருவார்கள். இருவராக அனுப்பலாம், ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும். ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டு மார்க்கரை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் தொடர் ஓட்டமும் நன்றாக ஓடும். முந்தினவரின் வரியில் பிழை இருந்தால் அடுத்தவர் புதிதாக எழுதாமல் அதைத் திருத்தலாம் என்பது விதி.

எழுதியது தவறாக இருந்து பின்னாலிருந்து சிரிப்பு வந்தால், டஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உடனே அழித்தால் அது அவமானம் என்று நீங்களே முத்திரை குத்திவிடுகிறீர்கள். அப்படியே இருக்கட்டும். 'இது எந்த இடம் வரைக்கும் சரி?' என்று வகுப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் முதல் மூன்று படிகள் சரியாகத்தான் இருக்கும். அதைச் சிரித்தவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கலாம்.

குழுவாக நிற்க வைத்தால் ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

சுவரில் பலகைகளோ, எழுதி அழிக்கக்கூடிய வேறு பரப்போ இருந்தால் பிள்ளைகளை நிற்க வைத்துக் கணக்குப் போட விடுவது நல்ல வழி. அழித்துவிடலாம் என்பதால் பயமில்லாமல் சட்டென்று எழுதத் தொடங்குகிறார்கள். அறையின் நடுவே நின்றால் எல்லாக் குழுவின் யோசனையும் ஒரே நேரத்தில் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் குழுவில் நால்வருக்கு மேல் போனால் ஒருவர் கட்டாயம் சுவரில் சாய்வார். மூவர் போதும். குழுவுக்கு ஒரே மார்க்கர். மார்க்கர் வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்றவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். இந்த ஒரு விதி கெட்டிக்காரப் பிள்ளையின் வாயைத் திறக்கும், கையைக் கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மார்க்கர் கை மாறட்டும். யார் யாரோடு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்தாலும் பிரச்சினை, நீங்கள் திட்டமிட்டுப் பிரித்தாலும் 'என்னை எதற்கு இவனோடு போட்டார்' என்று ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

பாட முடிவில் பலகை போர்க்களம் மாதிரி இருக்கிறது

தாமதமாக வந்த பிள்ளை பலகையைப் பார்த்தால் இன்றைக்கு என்ன நடந்தது என்று ஓரளவாவது புரிய வேண்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் பலகையில் எழுதும் முறையை 'பன்ஷோ' என்று ஒரு தனிக் கலையாகவே பழகுகிறார்கள். பாடத்துக்கு முன்பே பலகை கடைசியில் எப்படி இருக்கும் என்று தாளில் வரைந்து பார்த்துக்கொள்கிறார்கள்; இயன்றவரை நடுவில் அழிக்காமல், கேள்வி, பிள்ளைகளின் வெவ்வேறு வழிகள், கடைசியில் கிடைத்த முடிவு எல்லாம் ஒரே பலகையில் நிற்கும்படி செய்கிறார்கள்.

அந்த அளவுக்கு என்னால் முடிவதில்லை. மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அன்றைய கேள்வியும் புதுச் சொற்களும். இதைக் கடைசிவரை அழிப்பதில்லை. நடுவில் நடப்பு வேலை. வலது ஓரம் கிறுக்கல், எப்போது வேண்டுமானாலும் அழியும். அழிப்பதற்கு முன் 'முடித்துவிட்டீர்களா?' என்று கேட்டால் 'முடிச்சாச்சு' என்று முன்வரிசைதான் சொல்லும். பின்வரிசையைப் பார்த்துக் கேளுங்கள்.

அழிக்க அழிக்க நிழல் போகவில்லை

கடைசியாகப் பலகையின் உடம்பைப் பற்றி. இந்த மார்க்கர் மையில் நிறப்பொடி, சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால் வகைக் கரைப்பான், நிறப்பொடி பரப்பில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வழுக்குப் பொருள் ஆகியவை இருக்கின்றன. பர்மனென்ட் மார்க்கரில் அந்த வழுக்குப் பொருளுக்குப் பதிலாக ஒட்டும் பிசின் இருக்கும். யாராவது தவறி அதால் எழுதிவிட்டால், அந்த எழுத்தின் மேலேயே சாதாரணப் பலகை மார்க்கரால் தடிப்பாகத் தீட்டி, காய்வதற்குள் துடையுங்கள். புது மையின் கரைப்பான் பழையதை இளக்கிக்கொண்டு வந்துவிடும். விடுமுறைக்கு முன் எழுதி, வாரக்கணக்கில் காய்ந்து இறுகிய எழுத்துக்கும் இதே வைத்தியம்தான்.

பரப்பு முழுவதும் சாம்பல் பூத்திருந்தால் முதலில் டஸ்டரைப் பாருங்கள். மைப்பொடி நிரம்பிய டஸ்டர் அழிக்காது, பூசும். அதைத் தட்டியோ கழுவிக் காய வைத்தோ பயன்படுத்துங்கள். பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் துடைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகே எழுத வேண்டும், ஈரத்தில் எழுதினால் மார்க்கர் முனை பாழாகும். பாத்திரம் தேய்க்கும் நாரும் தேய்ப்புப் பொடியும் பக்கத்திலேயே வரக் கூடாது. விலை குறைந்த மெலமைன் பரப்பில் அவை போடும் நுண்ணிய கீறல்களுக்குள் மை போய் உட்கார்ந்தால் அந்த நிழல் நிரந்தரம். எஃகின் மேல் எனாமல் பூசிய பலகை இந்தக் கீறலுக்கெல்லாம் எளிதில் மசியாது.

மார்க்கர்களைப் படுக்க வைத்து வையுங்கள். முனை மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தினால் நிறப்பொடி அடியில் இறங்கி முனை காயும். மூடி 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுந்த வேண்டும். பிள்ளைகளுக்கும் 'டிக் கேட்டதா?' என்று கேட்பதே பழக்கமாகட்டும்.

புத்தம்புதுப் பலகை, முதல் நாளிலிருந்தே மை இழுவிக்கொண்டு போகிறது, துடைத்தால் திட்டுத்திட்டாக நிற்கிறது என்றால் ஆல்கஹாலை எடுப்பதற்கு முன் மூலையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பலகையை இரண்டு மாதம் எல்லோருமாகத் திட்டினோம், மாற்றித் தரச் சொல்லிக் கடிதமும் தயார். ஒரு சின்னப் பெண்தான் ஓரத்தில் ஏதோ தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து இழுத்தாள். பலகையோடு ஒட்டி வந்த மெல்லிய பாதுகாப்புத் தாள், நாங்கள் எழுதிய இரண்டு மாதப் பாடத்தோடு ஒரே உரியலில் கையோடு வந்தது.